ஆரைக் கேட்டு ஒட்டினவை?

பாடல் இறுவட்டு ஒன்றுக்கு உறை செய்த அனுபவம்

2018 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வன்னியில் நான் அப்போது கடமையாற்றிய கிராமம் ஒன்றின் மாதர் சங்கக் கட்டடத்தில் இருபது பெண்கள் வரை கூடியிருந்தார்கள். நகரத்திலிருந்து வந்திறங்கிய பெட்டியைச் சங்கத் தலைவி கத்தியால் கீறித் திறந்தார். உள்ளே இருந்தவை எமது இறுவட்டுக்கான உறைத் தாள்கள், 500 பிரதிகள்.

அந்த இறுவட்டில் ஒன்பது பாடல்கள். நாற்று நடும்போதும் அருவி வெட்டும்போதும் பாடியவை, தாலாட்டு, ஊஞ்சல் பாட்டு, கும்மி, பண்டிப்பள்ளில் ஒரு பகுதி, ஓர் ஒப்பாரி. பாடியவர்கள் அனைவரும் 2009 இல் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பின்னர் மீளக்குடியமர்ந்த பெண்கள். பாட்டுத் தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்களே என்ற கவலையில் தொடங்கிய வேலை அது. ஒலிப்பதிவுக்கும் அச்சுக்கும் உதவி நிறுவனம் ஒன்று பணம் தந்தது. உறையை நகரத்து ஸ்ரூடியோ ஒன்று வடிவமைத்தது.

தாள் கைமாறிக் கைமாறிச் சென்றது. முன்பக்கத்தில் முள்ளுக்கம்பி, எரிந்த வீடு, தலையற்ற பனை, அவற்றின் முன்னால் கண்ணீர் வடிக்கும் ஒரு பெண்.

"இது ஆர் பிள்ளை? எந்த ஊர்ப் பொம்பிளை?" என்று ஓர் ஆச்சி கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் எமது ஊரவருமல்ல, எமது நாட்டவருமல்ல. இணையத்தில் எங்கோ எடுத்த படம்.

"எங்கட பாட்டிலை ஒண்டுதானே ஒப்பாரி. மிச்சம் எட்டும் சிரிக்கிற பாட்டெல்லே?" என்றார் இன்னொருவர்.

பின்பக்கத்தில் எமது குழுப்படம் இருந்தது. எல்லோர் முகமும் வெளுத்திருந்தது. வெயிலில் நின்று உழைத்த நிறம் ஒருவரிலும் இல்லை. அதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். "பவுடர் காசு மிச்சம்" என்று பகிடியும் விட்டார்கள். தாள் பெரியக்காவின் கைக்குப் போனபோது சிரிப்பு நின்றது.

ஊரே பெரியக்கா என்று அழைக்கும் அவர்தான் எமது பிரதான பாடகி. ஒன்பது பாடல்களில் ஆறைத் தொடங்கிக் கொடுத்தவர். 2009 இல் எறிகணை வீச்சில் இடது கையை முழங்கைக்கு மேலே இழந்தவர். படத்தில் அவருக்கு இரண்டு கைகள் இருந்தன. வலது கையைப் பிரதியெடுத்து, மறுபக்கமாகத் திருப்பி, இடது தோளில் ஒட்டியிருந்தார்கள். இரு கைகளிலும் அதே வளையல்கள், அதே இடத்தில் அதே மச்சம்.

அவர் தாளை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மிஸ், இந்தக் கை போய் ஒன்பது வருசம். ஆரைக் கேட்டுத் திருப்பி ஒட்டினவை?"

அதன்பின் எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த கிழமைக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை. வெளியீட்டு விழாவுக்கு மூன்று கிழமைகளே இருந்தன.

சரி சொன்னவள் நானே

ஸ்ரூடியோவைக் குறைகூறுவது எனக்கு எளிதாக இருந்தது. ஆனால் உண்மையை எழுத வேண்டும். அந்த வடிவம் அச்சுக்குப் போவதற்கு முன் என் கைத்தொலைபேசிக்கு வந்தது. வேலை முடிந்து பஸ்ஸில் நின்றபடி பார்த்தேன். கைவிரல் அகலத்தில் தெரிந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. முன்பக்கத்தில் அழுத பெண் கண்ணில் பட்டாள். "யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்கள் என்றால் இப்படித்தானே போடுவார்கள்" என்று எனக்குள்ளும் ஒரு நினைப்பு இருந்திருக்க வேண்டும். "நல்லம், அடியுங்கோ" என்று பதில் அனுப்பினேன். சங்கத்தில் ஒருவருக்கும் காட்டவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஒரு மக்கள் கூட்டத்தை வேறு யாரோ படமாக்கிக் காட்டும்போது நேரும் அநீதிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சையில் எழுதியவள் நான். அதே அநீதிக்கு ஒரு பஸ் பயணத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஸ்ரூடியோவுக்குப் போனேன். அந்த வேலையைச் செய்தவர் இருபத்திரண்டு வயதுப் பையன். முகம் கறுத்துப்போய், "அம்மா வடிவாய் இருக்கட்டும் எண்டுதான் செய்தனான் அக்கா" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கலியாணப் படம் என்றால் பெண்ணின் முகத்தை வெள்ளையாக்கச் சொல்லி நாங்கள்தானே கேட்கிறோம்? அடையாள அட்டைப் படத்தில் தழும்பை அழிக்கச் சொல்வதும் நாங்கள்தானே? அவருக்குத் தெரிந்த நன்மை அதுவாகவே இருந்தது.

உதவி நிறுவனத்து அலுவலர் வேறொன்று சொன்னார். "சிரிச்சுக்கொண்டிருக்கிற படத்தைப் போட்டால் ஆர் உதவி செய்வினம்?" இதைக் கேட்ட பிறகுதான் முன்பக்கத்தில் இருந்த அழுகையின் காரணம் எனக்கு விளங்கியது. பாடல்களைக் கேட்பவர்களை எண்ணி அந்த உறை செய்யப்படவில்லை. பணம் கொடுப்பவர்களை எண்ணிச் செய்யப்பட்டது.

உறை வந்த கதை

பாட்டுக்கு உறை எதற்கு என்று கேட்கலாம். ஒலித்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடப் பாடல்தான் பதிய முடியும். நீண்ட இசைக்குப் பல தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றைப் புகைப்பட அல்பம் போன்ற கெட்டி அட்டைப் புத்தகத்தில் உறைகளாகக் கட்டி விற்றார்கள். பாடல் தொகுப்புக்கு அல்பம் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. தொடக்கத்தில் அந்த அட்டைகளில் பெரும்பாலானவை வெறும் பெயர் மட்டும் பொறித்த சாதாரண அட்டைகள். அமெரிக்காவின் கொலம்பியா ஒலித்தட்டு நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்ரைன்வைஸ் என்ற இளைஞர், இசையைக் கேட்கும் முன்பே அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கருதி, 1940 அளவில் அட்டைகளில் படம் வரையத் தொடங்கினார். விற்பனை கூடியது. மற்ற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

படங்களைக் கணனியில் திருத்தும் மென்பொருள்களில் மிகவும் பெயர் பெற்ற போட்டோசொப், தோமஸ் நோல், ஜோன் நோல் என்ற சகோதரர்களின் படைப்பாகும். 1990 இல் அது விற்பனைக்கு வந்தது. அதற்கு முன், மென்பொருளின் திறமையைக் காட்டுவதற்காக ஜோன் நோல் எடுத்துச் சென்ற படம் ஒன்று உண்டு. கடற்கரையில் முதுகு காட்டி அமர்ந்து, தூரத்துத் தீவைப் பார்க்கும் ஒரு பெண்ணின் படம் அது. பிற்காலத்தில் அவருக்கு மனைவியான ஜெனிபரைத் தென் பசுபிக் தீவொன்றில் அவரே எடுத்தது. பார்ப்போர் வியக்க, அப்பெண்ணின் உருவத்தைப் பிரதியெடுத்துப் பக்கத்தில் இன்னொருத்தியாக ஒட்டிக் காட்டுவாராம். இந்தக் கருவியின் முதற்பாடமே ஒரு பெண்ணின் உருவத்தை வெட்டி ஒட்டுவதாக இருந்திருக்கிறது. பெரியக்காவின் தோளில் ஒட்டப்பட்ட கையைப் பார்த்த பின் இச்செய்தி எனக்கு வெறும் சுவையான தகவலாகப் படவில்லை.

நாங்களே செய்வோம்

சங்கம் கூடியது. 500 தாள்களையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்வது என்று முடிவாகியது. செலவைச் சங்கத்தின் சுழற்சி நிதியிலிருந்து எடுப்பது பற்றி ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. "கடன் கட்டக் காசில்லாமல் கிடக்கிறம், படத்துக்குச் செலவோ?" என்று கேட்டவர்களின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. இறுதியில் பிழை என்னுடையது என்பதால் ஒரு பகுதியை நானே தருவதாகச் சொன்னேன். பாடியவர்கள் மிகுதியைப் பகிர்ந்தார்கள்.

உறை செய்யும் பொறுப்பை உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்துவிட்டு வீட்டில் இருந்த தங்கச்சி ஒருத்தி ஏற்றாள். சங்கத்தில் இருந்த பழைய கணனிதான் கருவி. போட்டோசொப் 2013 முதல் சந்தா கட்டிப் பயன்படுத்தும் முறைக்கு மாறிவிட்டது. அந்தச் செலவு எமக்குக் கட்டாது. களவுப் பிரதி போட வேண்டாம் என்று தங்கச்சியே சொன்னாள். கிம்ப் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம், சட்டப்படியும் சரி. அதையே இறக்கிக்கொண்டோம்.

அடுத்த கேள்வி, உறையில் எதைப் போடுவது? வீணை என்றார் ஒருவர். "ஆர் எங்களிலை வீணை வாசிச்சது?" என்று சபை சிரித்தது. குத்துவிளக்கு, சூரியோதயம், பறக்கும் புறா எல்லாம் வந்து போயின. கடைசியில், வேப்பமரத்தடியில் பாய் விரித்து இருந்து பாடுவோமே, அப்படியே இருக்கட்டும் என்று முடிவாகியது.

நானும் தலைவியும் பெரியக்கா வீட்டுக்குப் போனோம். நான் மன்னிப்புக் கேட்டேன். புதிய படத்தில் அவர் எப்படி இருக்க விரும்புகிறார், ஓரமாக இருப்பதா, சேலைத் தலைப்பால் தோளை மூடுவதா என்றும் கேட்டேன். அது கூட நானாக எடுத்த ஒரு முடிவுதான் என்பது அவர் பதிலில் விளங்கியது.

"நடுவிலை இருந்துதானே பாடினனான்? நடுவிலைதான் இருப்பன். சேலை எப்பவும் கட்டுற மாதிரித்தான்."

இன்னொரு தங்கச்சி, தன் முகம் படத்தில் வரவேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாடலில் அவளுடைய குரல் இருக்கிறது. படத்தில் தாளம் போடும் அவள் கை மாத்திரம் ஓரத்தில் தெரியும்படி எடுத்தோம்.

அளவும் வேலையும்

இந்த வேலையைப் பழக விரும்பும் சகோதரிகளுக்காகச் சில விபரங்களைத் தருகிறேன்.

இறுவட்டுப் பெட்டியின் முன் உறை ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் சதுரம். பின் தாள் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் அகலமும் 11.8 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. அதில் இரு ஓரங்களிலும் 6 மில்லிமீற்றர் வரையான பகுதி மடிந்து, புத்தக முதுகு போலப் பெயர் தாங்கி நிற்கும். அச்சகத்தில் தாளை வெட்டும்போது கத்தி சற்று விலகலாம். ஆகவே ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீற்றர் மேலதிகமாகப் படத்தை விட வேண்டும். எழுத்தையும் முகத்தையும் விளிம்பில் இருந்து உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் என்பது வழக்கம். 12 சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1417 புள்ளிகள், மேலதிக ஓரத்தோடு 1488 புள்ளிகள். இதைவிடச் சிறிய படத்தைக் கணனியில் இழுத்துப் பெரிதாக்கினால் திரையில் நன்றாகத் தெரிந்தாலும் தாளில் மங்கும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். கோப்பாக அனுப்பும்படி கேளுங்கள்.

லெயர் எனப்படும் அடுக்குகளை, ஊடுருவித் தெரியும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அடியில் மூலப்படம், அதற்கு மேல் திருத்தம், அதற்கும் மேல் எழுத்து. மேல் தாளில் பிழைவிட்டால் அதை மட்டும் எடுத்துவிடலாம். மூலப்படம் பழுதாகாது. பிரதியெடுத்து மறைக்கும் தூரிகையும் உண்டு. கிழிந்த சட்டைக்கு அதே துணியில் ஒட்டுப் போடுவது போல, பக்கத்துப் பகுதியை எடுத்து வேண்டாததன் மேல் பூசுகிறது. எமது படத்தில் மரக்கிளையில் தொங்கிய பொலித்தீன் பையையும் பின்னால் நின்ற மின்கம்பத்தையும் தங்கச்சி அப்படித்தான் அகற்றினாள். நிழலில் இருந்தவர்களின் முகம் தெரியும்படி வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினாள். நிறத்தை வெளுக்கவில்லை.

இறுவட்டின் மேற்பரப்புக்கும் ஒரு படம் தேவை. தட்டின் விட்டம் 12 சென்ரிமீற்றர், நடுத் துவாரம் 1.5 சென்ரிமீற்றர். முதலில் குழுப்படத்தையே வட்டமாக வெட்டி வைத்தோம். துவாரம் சரியாகப் பெரியக்காவின் முகத்தில் விழுந்தது! அதை அவரே கண்டுபிடித்துச் சிரித்தார். அவர் சிரித்த பின்தான் எமக்கு மூச்சு வந்தது. தட்டுக்கு வேப்பிலை மட்டும் போதும் என்று மாற்றினோம்.

எழுத்து ஒரு தனித் தலையிடி. பாமினி எழுத்துருவில் தட்டியதை அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிக்கோட் எழுத்து கிம்ப்பில் ஒழுங்காக வரும். ஆனால் சில பழைய மென்பொருள்களில் ஒற்றைக் கொம்பும் அரவும் இடம்மாறி நிற்கும். எழுத்துருவை உள்ளடக்கிய பீ.டி.எவ். கோப்பாக அச்சகத்துக்குக் கொடுப்பது பாதுகாப்பானது. திரையில் மின்னும் நீலமும் பச்சையும் தாளில் சற்று மங்கும். ஆகவே 500 அடிக்கும் முன் ஒன்றே ஒன்றை அடித்துப் பாருங்கள். அந்த ஒன்றைப் படத்தில் இருக்கும் எல்லோருக்கும் காட்டுங்கள். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

விளக்கு வேண்டாம் பிள்ளை

நாங்களே செய்வதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தோம். அப்படி அல்ல என்று கற்றுத் தந்தவர் தாலாட்டைப் பாடிய அம்மா.

அவருடைய மகன் 2009 இல் காணாமற்போனவர். அந்தத் தாலாட்டு மகனுக்குப் பாடியது என்பதால், உறையின் உட்பக்கத்தில் அவனுடைய சிறு படம் ஒன்றைப் போட முடியுமா என்று கேட்டார். இடப்பெயர்வில் மழையில் நனைந்து, பிளாஸ்ரிக் தாளோடு ஒட்டிக்கொண்ட பாடசாலைக் காலப் படம். தங்கச்சி அதைப் பிரிக்க முயலாமல் பிளாஸ்ரிக்கோடு சேர்த்தே ஸ்கான் செய்தாள். நனைந்த படத்தை உரித்தால் முகமும் சேர்ந்து உரிந்துவிடும். மூன்று நாள் இருந்து, ஈரக் கறையையும் பூஞ்சணத் தடங்களையும் சிறிது சிறிதாக நீக்கினாள். கண்ணருகில் இருந்த கறையை மட்டும் அப்படியே விட்டாள். அதற்குள் எது கறை, எது கண் என்று தெரியவில்லை. தான் கண்ணை வரைந்தால் அது அவனுடைய கண்ணாக இராது என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா வந்து பார்த்தார். திரையில் மகனைக் கண்டதும் கையை நீட்டித் தொட்டார். பிறகு சற்றுப் பின்வாங்கினார்.

படத்தின் கீழ் ஒரு சிறு விளக்கும், சுற்றிவர மெல்லிய மாலையும் இருந்தன. நினைவு மலர்களிலும் அஞ்சலிப் பிரசுரங்களிலும் பார்த்துப் பழகிய வடிவம். தங்கச்சி யோசிக்காமலே வைத்துவிட்டாள். நானும் யோசிக்காமலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விளக்கு வேண்டாம் பிள்ளை," என்றார் அம்மா. "மாலையும் வேண்டாம். நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறன்."

தங்கச்சி அழுதுவிட்டாள். அடுக்கில் இருந்ததால் விளக்கை எடுக்க ஒரு நொடிதான் ஆனது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்த படங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தப் படங்கள் அஞ்சலிக்கு உரியவை அல்ல, கேள்விக்கு உரியவை. ஒரு விளக்கை வைப்பதன் மூலம் அந்தக் கேள்விக்கு நாம் பதில் எழுதிவிடுகிறோம்.

அந்நிய ஊரான் ஒருவன் பெரியக்காவுக்குக் கையை ஒட்டினான். அதே ஊர்க்காரி, அதே துயரைக் கண்டவள், அன்போடு விளக்கை வைத்தாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். உரியவரைக் கேட்கவில்லை.

கேட்டுச் செய்வதும் உண்டு

அப்படியானால் படத்தில் எதையும் சேர்க்கக் கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. 2021 இல் இதே தங்கச்சியிடம் ஒரு தாய் வந்தார். மகளின் கலியாண அல்பத்தில் ஒரு படத்திலாவது காணாமற்போன கணவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார். எந்தப் பழைய படம், எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தங்கச்சி செய்து கொடுத்தாள். மகளுக்கும் சம்மதமா என்று தனியாக விசாரித்தாள். படத்தின் பின்புறத்தில், இது இணைத்துச் செய்த படம் என்று திகதியோடு எழுதினாள். அந்தப் படம் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அது பொய்யென்று யாரும் சொல்ல மாட்டார்கள். யாருடைய ஆசை அது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ, பொலிசுக்கோ, வேறு எந்த விசாரணைக்கோ கொடுக்கும் படம் திருத்தப்படாததாக இருக்க வேண்டும். தழும்பு, மச்சம், பல்லின் இடைவெளி என்பவையே ஒருவரை இனங்காண உதவுபவை. வடிவுக்காக அவற்றை அழித்தால் அடையாளத்தையே அழித்தவர்களாவோம். மூலப்படத்தை ஒருபோதும் கையை விட்டுக் கொடுக்காமல், அதன் பிரதியைக் கொடுங்கள்.

படத்தில் கை வைக்க முன்

எமது சங்கம் பின்னர் தனக்கென எழுதி, கணனிக்கு மேலே ஒட்டிவைத்த குறிப்பைத் தருகிறேன்:

1. மூலப்படத்தை அப்படியே சேமி. பிரதியில் மட்டும் வேலை செய்.
2. படத்தில் இருப்பவரைக் கேள். சிறுபிள்ளை என்றால் தாயையும் கேள், பிள்ளையையும் கேள்.
3. வேண்டாம் என்றால் காரணம் கேட்காதே.
4. நிறம், தழும்பு, பொட்டு, தாலி, கை, கால் என்பவற்றை உரியவர் சொல்லாமல் சேர்க்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்.
5. மாலை, விளக்கு, அமரர் என்ற சொல் என்பவற்றைக் குடும்பத்தார் வாயால் சொன்னால் மட்டும் போடு.
6. அச்சுக்கு முன் தாளில் எடுத்துக் காட்டு. கைத்தொலைபேசியில் காட்டிச் சம்மதம் வாங்காதே.

ஆறாவது விதி எனக்காக எழுதப்பட்டது என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இன்று

இறுவட்டின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. புதிய மடிக்கணனிகளில் தட்டு வைக்கும் இடமே இல்லை. எமது பாடல்களும் இப்போது யூரியூப்பில் இருக்கின்றன. ஆனால் உறை போகவில்லை. இணையத்தில் பாடல் வெளியிடுவதற்கும் ஒரு சதுரப் படம் வேண்டும். பெரும்பாலும் 3000 புள்ளிக்கு 3000 புள்ளி கேட்கிறார்கள். வேலை அதே வேலைதான்.

தங்கச்சி கோவில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், கலியாண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அல்பம், நினைவு மலர் என்று ஊரிலிருந்தே செய்கிறாள். இதில் பெரும் பணம் வருகிறது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆவணியில் வேலை குவியும், மார்கழியில் கை சும்மா இருக்கும். நுண்கடன் எடுத்துக் கணனி வாங்காதீர்கள். சங்கத்திலோ, நூலகத்திலோ, பயிற்சி நிலையத்திலோ இருக்கும் கணனியில் கிம்ப்பைப் பழகிப் பார்த்து, நாலு வேலை கைக்கு வந்த பிறகு யோசியுங்கள்.

இன்னொரு புதிய ஆபத்தும் வந்திருக்கிறது. இன்று கைத்தொலைபேசியே கேட்காமல் முகத்தை வெளுக்கிறது. செயற்கை நுண்ணறிவு, இல்லாத கையையும் வராத மனிதரையும் நொடியில் உருவாக்கித் தருகிறது. பெண்களின் முகத்தை வேறு உடலில் ஒட்டி மிரட்டும் கயவர்களும் இருக்கிறார்கள். அப்படி நேர்ந்தால் ஒளிக்க வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். சான்றாகச் சேமித்து வைத்துப் பொலிசிலோ, பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்திலோ முறையிடுங்கள். கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பெண்ணை மிரட்டுவது கடினம் என்பதையும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

2018 ஆவணியில் எமது இறுவட்டு வெளிவந்தது. உறையின் நடுவில் பெரியக்கா வாய் திறந்து பாடிக்கொண்டிருக்கிறார். இடது சட்டைக் கை வெறுமையாகத் தொங்குகிறது. பார்ப்பவர்கள் முதலில் அந்தக் கையைப் பார்க்கிறார்கள்தான். பிறகு அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். விழாவில் அவர் முதற்பிரதியை வாங்கி, உறையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது நான்தான்" என்றார்.

பழைய 500 தாள்களை நாங்கள் எறியவில்லை. சங்க அலுமாரியின் மேற்தட்டில் கட்டாகக் கிடக்கின்றன. புதிதாக ஏதேனும் அச்சுக்குப் போகும்போது அதிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்குகிறோம். உங்கள் சங்கத்திலும் நாளை ஒரு சுவரொட்டியோ, உறையோ, அறிக்கையோ வரலாம். அதில் உங்கள் முகம் இருக்கலாம். அச்சுக்குப் போகும் முன், ஆரைக் கேட்டு ஒட்டினவை என்று நீங்களும் கேளுங்கள்.